பிரஷ்ஷா, ரோலரா?

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து ஒடுக்கமான வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்க ரோலர் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். திறந்த சுவர்ப்பரப்புக்கு 9 அங்குல ரோலர்தான் சிறந்தது: எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) சீராகப் படியும், வேலையும் சீக்கிரம் முடியும். பட்டி பார்த்த வழவழப்பான சுவருக்கு 10 மில்லிமீட்டர் நீள இழை கொண்ட ரோலர், சொரசொரப்பான பூச்சுக்கு 18 மில்லிமீட்டர் இழை ரோலர் வாங்குங்கள். ஆனால் ரோலர் தெறிக்கும், பெயின்ட்டையும் நிறையக் குடிக்கும்.

மூலை, சுவிட்ச் பலகை ஓரம், ஜன்னல் சட்டம், அலமாரி இடுக்கு என்றால் 2 அங்குல பிரஷ்தான். பன்றிமுடி பிரஷ் தண்ணீரில் ஊறித் தொய்ந்துவிடும்; எமல்ஷனுக்குச் செயற்கை இழையே நல்லது.

உப்பு பூத்துப் பொரிந்த சுவரில் இரண்டுமே வீண். முதலில் ஈரக்கசிவை அடைத்து, நன்றாகச் சுரண்டி, காயவிடுங்கள். பிறகு ஓரங்களை பிரஷ்ஷால் தீட்டி, அந்தப் பெயின்ட் காயும் முன்பே ரோலரை ஓட்டுங்கள்.