சைவம் என்று சொல்லிப் பன்றிக் கொழுப்பைப் பரிமாறினார்கள்: கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவுக்கு அண்மையில் வந்த சைவக்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புதிதாக ஒரு மெக்சிகன் உணவகம் திறந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் என் கணவரும் போனோம். சைவமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். சைவம்தான் என்று அடித்துச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பன்றிக் கொழுப்பில் வதக்கிய பீன்ஸையும் கோழிச்சாற்றில் வெந்த சோற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியில் பில்லிலும் ஏமாற்றினார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி பதில் சொல்கிற சர்வர்கள் வேறு கடைகளிலும் இருப்பார்கள், அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர். நான் எல்லாம் சாப்பிடுவேன். வெளியே சாப்பிடப் போனால் அவருக்காகக் கேள்வி கேட்பது எப்போதும் என் வேலை. மெக்சிகன் உணவு எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்கும். சோளம், பீன்ஸ், மிளகாய், தக்காளி, பூசணி, அவகாடோ இதெல்லாம்தான் அந்த நாட்டுச் சமையலின் ஆதாரம். நாம் தினமும் தாளிக்கிற மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். பன்றியும் மாடும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோனவை. பன்றியோடு அதன் கொழுப்பும் சமையலறைக்குள் வந்தது. அதை மாந்தேகா என்பார்கள். மசித்து வதக்கும் ரீஃப்ரைட் பீன்ஸுக்கு அந்தக் கொழுப்புதான் வழக்கம். பொதிந்து அவிக்கும் தமாலேயின் சோள மாவிலும் அதைத்தான் போட்டுப் பிசைவார்கள். டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியை மைதாவில் செய்யும்போது சில இடங்களில் சேர்ப்பார்கள். சிவப்பாக வரும் மெக்சிகன் சோற்றைப் பெரும்பாலும் கோழிச்சாற்றிலோ, கோழிச்சாற்றுப் பொடி கரைத்த தண்ணீரிலோதான் வேகவைப்பார்கள்.

இது அவர்களுடைய சமையல், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பீன்ஸில் கொழுப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஏதாவது வாங்கியிருப்போம்.

மெனுவில் காய்கறி என்சிலாடா என்று ஒன்று, டார்ட்டியாவில் சுருட்டி மேலே சாஸ் ஊற்றித் தருவது. பக்கத்தில் பச்சை இலைப் படம். உடன் சோறும் பீன்ஸும். சர்வர் ஒரு இளைஞர், நல்ல சிரித்த முகம். "இவர் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். சோற்றில் கோழிச்சாறு? இல்லை. என்சிலாடா மேல் ஊற்றுகிற சாஸில்? அதுவும் இல்லை. "உள்ளே ஒரு முறை கேட்டுவிட்டு வருகிறீர்களா?" என்றேன். "வேண்டியதே இல்லை, இங்கே நிறைய இந்தியர்கள் வருகிறார்கள், எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

கூடவே, குவாக்கமோலி மேசையிலேயே செய்து தருகிறோம், சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். சரி என்றோம். கல் உரலில் அவகாடோவை நம் கண் முன்னாலேயே மசித்துக் கொடுத்தார்கள், நன்றாகவே இருந்தது. எனக்கு வந்த மீன் டாக்கோவும் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணவர் தட்டில் பாதிக்கு மேல் முடித்திருப்பார். சோற்றில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. முள்கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. அழுத்தினதும் நார் நாராகப் பிரிந்தது. எனக்குப் பழக்கமான பொருள்தானே, கோழி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "என்னங்க, சாப்பிடாதீங்க" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரம் பாத்திரம் எடுக்க வந்த வயதான அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. சோறு எப்போதும் கோழிச்சாற்றில்தான் வேகும், பீன்ஸில் மாந்தேகா எப்போதும் உண்டு, கொழுப்பில்லாத பீன்ஸ் தனியாகச் செய்வதே இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு என் கணவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். தப்பே செய்யாத ஒருவர் கேட்ட மன்னிப்பு அது. அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று, யார் சொன்னது என்பதை மேனேஜரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.

மேனேஜர் வந்தார். முதலில், அப்படி இருக்காது என்றார். கோழி நாரைக் காட்டினேன். அப்புறம் பேச்சு மாறியது. "ருசிக்காகக் கொஞ்சம்தான் போடுகிறோம். துண்டு இறைச்சி எதுவும் இல்லையே, அதனால்தான் சைவம் என்று போட்டிருக்கிறோம்" என்றார். எனக்கு அப்போது வந்த கோபத்தை இப்போதும் அடக்கத்தான் பார்க்கிறேன். நாற்பது வயது வரை ஒருவர் காப்பாற்றி வந்த ஒழுக்கம் அது. கொஞ்சம், நிறைய என்று அதற்கு அளவு வைக்க இவர் யார்? இலவசமாக ஒரு தட்டு சூரோஸ் இனிப்பு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். என் கணவர் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "விடும்மா, பில்லைக் கட்டிட்டுப் போகலாம்" என்றார். வெளியே வந்து வெகுநேரம் அவர் பேசவே இல்லை.

இந்த ஊரில் நம் ஊர்ப் பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளி மாதிரி கட்டாயக் குறி எதுவும் கிடையாது. மெனுவில் இருக்கும் இலைப் படம் அந்தக் கடைக்காரர் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். வேர்க்கடலை, பால், எள் உள்பட ஒன்பது பொருள்களை ஒவ்வாமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். விலங்குக் கொழுப்பு அதில் வராது. அதனால் வாடிக்கையாளருக்கும் சமையலறைக்கும் நடுவே நிற்கிற சர்வரின் நாணயத்தைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. சர்வர் உள்ளே போய்க் கேட்க மறுத்தால் அந்த மேசையில் சைவம் எதுவும் சொல்லாதீர்கள். நான் இனி சமையல்காரரையே கூப்பிட்டுக் கேட்பதாக இருக்கிறேன். ஸ்பானிஷில் "சின் மாந்தேகா, சின் கால்தோ தே போயோ" என்றால் பன்றிக் கொழுப்பும் கோழிச்சாறும் இல்லாமல் என்று அவர்களுக்கு உடனே புரியும். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் சாறும் கொழுப்பும் நிறைய பேர் கணக்கில் வராது. சோள டார்ட்டியா பொதுவாகச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளமும் தண்ணீரும்தான், அதில் பயமில்லை. சாரோ பீன்ஸ் என்று பெயர் இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், அதில் பெரும்பாலும் பேக்கன் என்ற பன்றி இறைச்சி இருக்கும். மளிகைக் கடையில் டப்பாவில் வரும் ரீஃப்ரைட் பீன்ஸிலும் கொழுப்புப் போட்டது, போடாதது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். பொருள் பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள்.

இனி பில்.

சாப்பாடு 78 டாலர். அதில் அந்தக் குவாக்கமோலி மட்டும் 22 டாலர், மெனுவில் அதற்கு விலையே போடவில்லை. இன்னும் கொஞ்சம் சிப்ஸ் கொண்டு வரட்டுமா என்று அவர்களாகவே கேட்டு வைத்த இரண்டாவது கூடைக்கு 5 டாலர். இலவசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கணவர் பாதியில் வைத்துவிட்ட தட்டுக்கு முழு விலை, ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. 78க்கு மேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 14 டாலர் 4 சென்ட். அந்த சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து விற்பனை வரி. கட்டாயக் கட்டணம் என்றால் கலிஃபோர்னியாவில் வரி உண்டு, நாமாகக் கொடுக்கும் டிப்ஸுக்குத்தான் கிடையாது. அதற்கும் மேல் கார்டு கட்டணம் 3.5 சதவீதம். ஆக மொத்தம் 105 டாலர். இதை நீட்டிவிட்டு, டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கும் திரையையும் நீட்டினார்கள். 18, 20, 22 என்று மூன்று பொத்தான், எல்லாமே அந்த 105க்கு மேல் கணக்கு. அவசரத்தில் 20ஐ அழுத்துகிறவர் 126 டாலர் கட்டிவிட்டு வருவார்.

கலிஃபோர்னியாவில் கடைசியில் கொண்டுவந்து ஒட்டும் கட்டணங்களைத் தடுக்க எஸ்பி 478 என்ற சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. உணவகங்களுக்கு எஸ்பி 1524 என்ற இன்னொரு சட்டத்தின் மூலம் விலக்குக் கொடுத்தார்கள். சர்வீஸ் சார்ஜ் வாங்கலாம், ஆனால் விலை போட்டிருக்கும் மெனுவில், எதற்காக வாங்குகிறோம் என்று கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். இவர்கள் கையில் கொடுத்த மெனுவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. கைபேசியில் திறக்கும் மெனுவின் கடைசிப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. கேட்டால் அங்கே இருக்கிறதே என்கிறார்கள்.

டெக்சாஸிலிருந்து இங்கே மாறி வருகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று சட்டமே இருக்கிறது, அதனால் டிப்ஸ் இல்லாமல் அவர்கள் பிழைக்க முடியாது. கலிஃபோர்னியாவில் அந்தக் கணக்கு கிடையாது, டிப்ஸுக்கு முன்னாலேயே முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். டிப்ஸாகக் கொடுப்பது ஊழியர்களுக்கே சேர வேண்டும், முதலாளி அதில் கைவைக்கக் கூடாது என்பதும் சட்டம். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை, பொதுவாக அது கடையின் வருமானம். அது யாருக்குப் போகிறது என்று மேனேஜரிடம் கேட்டேன், பதில் வரவில்லை. திரையில் டிப்ஸ் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, பர்ஸில் இருந்த 10 டாலரை அந்த வயதான அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்டு கட்டணத்தை மட்டும் நான் விடவில்லை. நான் கொடுத்தது டெபிட் கார்டு. டெபிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கவே கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டு நிறுவனங்களின் விதியும். விசா கிரெடிட் கார்டுக்கே உச்சம் 3 சதவீதம்தான். வங்கியைக் கூப்பிட்டு, ரசீதின் படத்தையும் அனுப்பினேன். 3 டாலர் 55 சென்ட் கணக்கில் திரும்பி வந்தது. தொகை சின்னதுதான், ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் இதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பழைய ரசீதுகளையும் எடுத்துப் பாருங்கள், டெபிட் கார்டில் இப்படி ஒரு வரி இருந்தால் வங்கியிடம் சொல்லுங்கள்.

உணவக உரிமையாளருக்கும் எழுதினேன். 25 டாலர் பரிசுக் கூப்பன் அனுப்பினார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். மெனுவில் அந்த இலைப் படத்தை எடுங்கள், அல்லது கொழுப்பில்லாமல் ஒரு பானை பீன்ஸ் தனியாக வையுங்கள், இதுதான் நான் கேட்டது. அதற்குப் பதில் இல்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது வாசலில் ஒட்டியிருந்த மெனுவைப் பார்த்தேன், இலை அப்படியே இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் விஷயத்தை மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலக இணையதளத்தில் புகாராகப் பதிந்திருக்கிறேன். அங்கிருந்து ஏதாவது வந்தால் எழுதுகிறேன்.