முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பேப்பர் கிடைக்கும் கடை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எனாமல் தூக்கு, பர்மாத் தேக்கு, ரவிவர்மா படம் இவற்றுக்காகத்தான் வருகிறார்கள். நான் போவது பழைய பேப்பருக்காக. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறையும் கொஞ்சம் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பக்கம் கட்டுவது என் தொழில். எழுத்து எத்தனை பாயிண்ட், படத்தை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் கண் முதலில் போகும். செய்தியெல்லாம் அப்புறம்தான்.

கடை முகப்பில் கண்ணாடி போட்டு மாட்டிய முதல் பக்கங்கள் தொங்குகின்றன. சுதந்திரம், காந்தி மறைவு, அண்ணா மறைவு. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று விலை. பங்களாவை ஓட்டலாக மாற்றியவர்கள் வாங்கிப் போகிறார்கள். அதில் எனக்கு ஆர்வமில்லை. பின்கட்டில் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பதுதான் சரக்கு. வீடு பாகம் பிரியும்போது பாத்திரம் பண்டத்தோடு சேர்ந்து வருபவை. சில வீடுகளில் அண்ணன் காங்கிரஸ், தம்பி திமுக. அந்த வீட்டுக் கட்டில் ஒரே தேதிக்கு இரண்டு பேப்பர் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்குக் கிடைத்ததில் 1967 தேர்தல் முடிவு வந்த நாட்கள் இருந்தன. விருதுநகரில் காமராஜரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். ஒரு பேப்பரில் காமராஜர் தோற்றிருக்கிறார். இன்னொன்றில் சீனிவாசன் வென்றிருக்கிறார். தோற்ற பேப்பரில் தலைப்பிலேயே வித்தியாசம் எவ்வளவு குறைவு என்று வந்துவிடுகிறது. வென்ற பேப்பரில் அந்த எண்ணைக் கடைசி வரியில் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

1965 மொழிப் போராட்டக் கட்டு இன்னும் வெளிப்படை. ஒன்றில் 'துப்பாக்கிச் சூடு நடந்தது', மழை பெய்த மாதிரி. சுட்டவர் யார் என்று வாக்கியத்தில் ஆளே இல்லை. மற்றதில் போலீஸ் சுட்டது, மாணவன் செத்தான், ஊர் பெயரோடு. இன்றைய பேப்பரிலும் 'தடியடி நடந்தது' என்று போட்டால் நான் உடனே பக்கத்துப் பேப்பரை எடுத்துப் பார்க்கிறேன். இந்தக் கெட்ட பழக்கத்துக்குக் காரணம் இந்தக் கடைதான்.

படத்தில் நடப்பது எனக்கு நன்றாகப் புரியும். அழைப்பிதழில் மாப்பிள்ளை படத்தை ஒரு நூல் பெரிதாக வைத்தால் பெண் வீட்டில் போன் வந்துவிடும். பேப்பரிலும் அதே கணக்குத்தான். தன் கட்சித் தலைவருக்கு மேடையில் கை தூக்கிய படம், கீழே இருந்து எடுத்தது, முன்னால் கூட்டம் கடலாகத் தெரிகிறது. எதிர்க்கட்சிக்காரருக்கு ஸ்டாம்ப் அளவில் தேய்ந்துபோன பழைய பிளாக், அதாவது படம் அடிக்கும் அச்சுக்கட்டை. பிளாக் செய்யச் செலவு என்று அந்தக் காலத்து ஆட்கள் சமாதானம் சொல்வார்கள். சரி, செலவு ஏன் எப்போதும் எதிராளி படத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கப்பட்டது?

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்து. பெரியாரின் பத்திரிகைகள் 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டன. அரசு அதை ஏற்றது 1978-ல். நடுவிலே நாற்பது வருஷத்துக்கு மேல், மற்ற தினசரிகளில் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி வைத்த பழைய லை, னை. ஒரு வார்த்தை வாசிக்காமலே, தூரத்தில் இருந்து அச்சைப் பார்த்தே இது எந்தப் பக்கத்துப் பேப்பர் என்று சொல்லிவிடலாம். மரியாதைச் சொல்லும் அப்படித்தான்: ஒரே ஆள் ஒன்றில் ஸ்ரீமான், இன்னொன்றில் தோழர்.

இனி குறை. நல்ல முதல் பக்கத்தைக் கத்தியால் உருவிக் கண்ணாடி போட்டுவிட்டு, மிச்சத்தைப் பொட்டலத்துக்கு அனுப்புகிறார்கள். நான் கேட்டதற்கு, "உள்பக்கத்த யாருண்ணே செவத்துல மாட்டுவா?" என்றார் கடைத் தம்பி. வியாபாரக் கணக்கில் நியாயம்தான். ஆனால் தலையங்கமும் கேலிச்சித்திரமும் விளம்பரமும் உள்பக்கத்தில்தானே. சாயம் வெளிப்படுவதே அங்கேதான். இது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பத்திரிகைகளை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' இரண்டும் காரைக்குடியிலிருந்தே வந்தவை. கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பாரதி 1906-லிருந்து கேலிச்சித்திரம் போட்டு நடத்திய 'இந்தியா' வேண்டும் என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அது சரியான சிரிப்புத்தான். இந்த மாதிரி அரியவற்றைத் தேடுகிறவர்கள் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகலாம். அதற்கு மூலதனமே கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகமும் பத்திரிகையும்தான்.

கட்டு முந்நூறு சொல்வார்கள், இருநூறுக்குப் படியும். வாங்குமுன் கயிற்றை அவிழ்த்து நடுப்பக்கத்தைப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், உள்ளே செல்லரித்திருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போவது நல்லது. தும்மல் தொல்லை உள்ளவர்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு போங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கத்தியைக் கீழே வைத்தால் நாலரை.