தானா அட்ஜஸ்ட் ஆகற 10 இன்ச் எலக்ட்ரிக் ப்ரேக் கிட்: பொருள் நல்லாத்தான் இருக்கு, என் வியாதி வேற

மாட்டி ஒரு சீசன் ஓட்டிட்டுத்தான் இத எழுதறேன். பெட்டி பிரிச்ச அன்னைக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன், மாட்டின மறுநாள் எழுதியிருந்தா ஒத்த ஸ்டாரும் திட்டும்தான். ரெண்டுமே தப்பாப் போயிருக்கும்.

நம்மகிட்ட இருக்கறது வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுக்கற ரெண்டு ஆக்ஸில் ட்ராவல் ட்ரெய்லர், ஆக்ஸில் ஒண்ணு 3500 பவுண்டு தாங்கும், நாலு சக்கரத்துலயும் 10 இன்ச் டிரம், அதுக்குள்ள விரிஞ்சு உரசிப் பிடிக்கற ரெண்டேகால் இன்ச் அகல ஷூ. வண்டிலேர்ந்து ட்ரெய்லர் ப்ரேக்குக்கு கரண்ட் அனுப்பற கன்ட்ரோலர்ல கெயின (எவ்ளோ பலமா பிடிக்கணுங்கற அளவ) 10 வரைக்கும் ஏத்தி வெச்சும் ப்ரேக் மிதிச்சா ட்ரெய்லர் பின்னாடிலேர்ந்து முட்டித் தள்ளுது, இறக்கத்துல வயித்துல புளியக் கரைக்கும். ஒழுங்கா இருக்கற ட்ரெய்லர்னா மெதுவா போறப்ப கன்ட்ரோலர்ல இருக்கற கை லிவர மட்டும் தள்ளினாலே போதும், அது வண்டியையும் சேத்து இழுத்து நிறுத்தணும். என்னுது லேசா வேகம் குறைஞ்சுது, அவ்ளோதான்.

சரின்னு ஒரு சக்கரத்த கழட்டிப் பாத்தா டிரம்முக்குள்ள ஒரே கிரீஸ். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆக்ஸில் முனைல இருக்கற நிப்பிள்ல கிரீஸ் கன்ன வெச்சு சக்கரத்த சுத்தாமலே ஆசை தீர அடிச்சது நான்தான், அது பின்பக்க சீல தாண்டி ஷூ மேல போய் உக்காந்திருக்கு. கிரீஸ் ஊறின லைனிங்க (ஷூ மேல ஒட்டியிருக்கற உரசற பட்டைய) கழுவி காயவெச்சு மறுபடி போடலாம்னு சில பேர் சொல்வாங்க, கேக்காதீங்க, சூடானா உள்ள இருக்கறது மறுபடி வெளிய கசியும். ஆக ஷூ போச்சு, ஷூவ விரிக்க வெக்கற மேக்னெட்டும் தேஞ்சிருக்கு, நோய் இதுதான்னு நானே முடிவு பண்ணி நாலு சக்கரத்துக்கும் முழு கிட் ஆர்டர் போட்டேன்.

கிட்ட பத்தி சொல்லணும்னா, பேக்கிங் பிளேட் (எல்லாத்தையும் தாங்கற பின் தட்டு), ரெண்டு ஷூ, மேக்னெட், ஸ்பிரிங், அட்ஜஸ்டர் எல்லாம் கோத்தே வருது. பழசுல நாலு நட்டு, ரெண்டு வயர், கழட்டிட்டு புதுச மாட்ட வேண்டியதுதான். முதல் சக்கரத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, கடைசி சக்கரம் அரை மணில முடிஞ்சுது. ஜாக்கிய ஆக்ஸில் குழாய்க்கு அடில வெக்காதீங்க, வளைஞ்சிரும், சட்டத்துல வெச்சு தூக்கி ஸ்டாண்டு குடுங்க. இடது வலதுன்னு தனித்தனியா வருது, மாத்திப் போட்டா ப்ரேக் ஒழுங்கா பிடிக்காது. என் பெட்டில எது எந்தப் பக்கம்னு சொல்ற ஒரு ஸ்டிக்கர் உரிஞ்சு கிடந்துச்சு, லைனிங் சின்னதா இருக்கற ஷூ வண்டி முன்பக்கம் பாத்து வரணும், அத வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். கூட வர்ற பேப்பர்ல இதப் பத்தி ஒரு வரி கிடையாது, இதுக்கே அரை ஸ்டார் கட்.

டிரம்ம பழசே போட்டேன். ஆனா அளந்து பாத்துட்டுத்தான், 10 இன்ச் டிரம் தேஞ்சு 10.090 இன்ச்ச தாண்டிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். மேக்னெட் ஒட்டி உரசற உள் முகத்தையும் பாருங்க, அது கோடு கோடா பள்ளமா இருந்தா புது மேக்னெட் சீக்கிரமே வீணாயிரும்.

எல்லாம் மாட்டி ஓட்டிப் பாத்தேன். பழைய குருடி கதவத் திறடி கத. கொஞ்சம் தேவலாம், ஆனா கெயின் அதே 10ல, ட்ரெய்லர் அதே தள்ளு.

அப்பதான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியத செஞ்சேன். டிசி அளக்கற கிளாம்ப் மீட்டர் ஒண்ணு கடன் வாங்கி, ட்ரெய்லர் பிளக்க வண்டிலேர்ந்து கழட்டிட்டு (கழட்டாம செஞ்சா கன்ட்ரோலர் அடி வாங்கும்), ப்ரேக்அவே பின்ன (ட்ரெய்லர் வண்டிலேர்ந்து பிச்சுக்கிட்டா தானா ப்ரேக் போட வெக்கற பின்) இழுத்து விட்டேன். அத இழுத்தா ட்ரெய்லர் பேட்டரிலேர்ந்தே முழு கரண்டும் ப்ரேக்குக்குப் போகும், கன்ட்ரோலர் மேல சந்தேகமே பட வேண்டியதில்ல. இந்த சைஸ் மேக்னெட் ஒண்ணு சுமார் 3 ஆம்ப் இழுக்கணும், நாலும் சேந்தா 12, 13 வரணும். எனக்கு வந்தது 9. பேட்டரில 12.6 வோல்ட் இருக்கு, இடது சக்கரத்துகிட்ட 10.4, வலது பக்கம் 7 சொச்சம்! நடுவுல அஞ்சு வோல்ட்ட எவனோ தின்னுட்டு இருக்கான். எலக்ட்ரிக் ப்ரேக்ல மேக்னெட் டிரம்ம எவ்ளோ கெட்டியா கவ்வுதோ அந்த அளவுக்குத்தான் லிவர் இழுபட்டு ஷூவ விரிக்கும், கரண்ட் குறைஞ்சா கவ்வறதும் குறையும், ஷூ புதுசா இருந்து என்ன பிரயோஜனம்.

தின்னவன் யாருன்னா, ஆக்ஸில் குழாய்க்குள்ள இடதுலேர்ந்து வலதுக்குப் போற ஒல்லி வயர், உள்ளயே உரசி உரசி தோல் உரிஞ்சிருந்துச்சு, கூடவே பச்சை பூத்துப்போன கிரிம்ப் (நசுக்கி இணைச்ச) ஜாயிண்ட்டுங்க, எர்த்தும் துருப்பிடிச்ச ஒரு ஸ்க்ரூல தொங்கிட்டு இருந்துச்சு. குழாய் வயர அப்படியே விட்டுட்டு வெளிய தடிமனான 10 கேஜ் வயர் ஓட்டி, எர்த்துக்கும் தனி வயர் இழுத்து, ஜாயிண்ட்ட எல்லாம் தண்ணி போகாத மாதிரி மூடினேன். இப்ப மீட்டர் 12க்கு மேல காட்டுது. அந்த ப்ரேக்அவே பின்ன ரொம்ப நேரம் இழுத்தே வெக்காதீங்க, மேக்னெட் சூடாகும், பேட்டரியும் இறங்கிடும்.

அதுக்கப்புறம்தான் இந்த கிட்டோட உண்மையான அருமை தெரிஞ்சுது. புது ஷூவுக்கு தேய்ப்பு வேணும், 40 மைல் வேகத்துலேர்ந்து 20க்கு ஒரு இருபது முப்பது தடவ, சூடு ஆற நடுநடுவுல இடைவெளி விட்டு பிடிச்சு விட்டேன், ஒவ்வொரு தடவையும் பிடி ஏறறது தெரிஞ்சுது. இப்ப கெயின் 6ல நிக்குது, அதுக்கு மேல வெச்சா டயர் லாக் ஆகுது.

தானா அட்ஜஸ்ட் ஆகறது நிஜமாவே வேலை செய்யுது. முன்னாடி போறப்ப நல்லா அழுத்திப் பிடிச்சா, ஷூ அதிகமா நகர வேண்டியிருந்தா உள்ள ஒரு கேபிள் லிவர இழுத்து ஸ்டார் வீல (ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளிய குறைக்கற பல் சக்கரத்த) ஒரு பல் தள்ளுது. பழசுல 3000 மைலுக்கு ஒரு தடவ கீழ படுத்து ஓட்ட வழியா திருகிட்டு இருந்தேன், அந்த வேலை மிச்சம். ஆனா மாட்டறப்ப முதல் அட்ஜஸ்ட் கைலதான் பண்ணணும், சக்கரம் சுத்த கஷ்டப்படற வரைக்கும் இறுக்கி, அப்புறம் லேசா உரசற சத்தம் மட்டும் கேக்கற வரைக்கும் தளத்தணும். தானா ஆகும்னு விட்டுட்டா முதல் நாள் ப்ரேக்கே இருக்காது, பேப்பர்ல இத பொடி எழுத்துல போட்டிருக்கான்.

சீசன் முடிஞ்சு கழட்டிப் பாத்தேன், நாலு சக்கரத்துலயும் லைனிங் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு, மேக்னெட் முகம் சமமா இருக்கு. பேக்கிங் பிளேட்ல பெயின்ட் ஓரத்துல உரிய ஆரம்பிச்சிருச்சு. அட்ஜஸ்ட் ஓட்டைய மூடற ரப்பர் மூடி எட்டுல மூணு எங்கயோ வழில விழுந்துருச்சு, மூடி மட்டும் தனியா கேட்டா இல்ல, முழு கிட்டா வாங்குங்கறாங்க. இப்போதைக்கு டேப் ஒட்டி வெச்சிருக்கேன். நாலு ஸ்டார்.