விக்கிப்பீடியாவுல பேஜ் போட்டுத் தாறம் எண்டு சொல்ற சேர்விஸ்: காசு கட்ட முதல் இத வாசிங்க

பேஸ்புக்ல விளம்பரம் வருமே, "ஒங்கட பேர்ல விக்கிப்பீடியா பேஜ், நூறு வீதம் கேரண்டி" எண்டு, அந்தச் சேர்விஸ்க்குத்தான் இந்த ரிவ்யூ. பேர் போடல்ல, இதே வேலைய கனபேர் செய்றாங்க.

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் எங்கட ஊர்ல ஒரு அண்ணாவியார், அதான் கூத்துப் பழக்கிற வாத்தியார், இருக்கார், வடமோடி தென்மோடி எண்ட ரெண்டு வகைக் கூத்தும் பழக்குவார், அவர் மத்தளத்தக் கட்டினாரெண்டா விடியுமட்டும் கூத்துக் களரியச் சுத்தி இருக்கிற சனம் எழும்பாது. அவருக்குப் பாராட்டு விழா வைக்கிறதெண்டு கழகப் பொடியன்மார் வெளிக்கிட்டு, அதோட பேஜ் ஒண்டும் இருக்கட்டும் எண்டு 25,000 ரூபாக்குப் பேசி பாதிய அட்வான்ஸ் கட்டிட்டாங்க. எழுதி வந்தத "அண்ணே ஒருக்காப் பாருங்க" எண்டு எனக்கு அனுப்பினாங்க.

பாத்தா "ஈடு இணையற்ற", "கலையுலகின் முடிசூடா மன்னன்", அப்பிடியே கலியாண வாழ்த்துமடல். கீழ சான்று எண்டு நாலு லிங்க், நாலும் அவங்களே திறந்த வெப்சைட், நாலுலயும் ஒரே பந்தி. சந்தியில இருக்கிற சின்னப்பிள்ளையும் கண்டுபிடிச்சிரும், விக்கியில இருக்கிற ஆக்கள் விடுவாங்களா, திருப்பி அனுப்பிட்டாங்க.

இந்தச் சேர்விஸ்காரருக்கு விளங்காத விசயம், இல்லாட்டி விளங்கியும் சொல்லாத விசயம் இதுதான். ஆள் எவ்வளவு பெரிய ஆள் எண்டு அங்க ஒருத்தரும் அளக்கிறல்ல. அவரோட சம்பந்தமில்லாத ஆக்கள், நம்பக்கூடிய இடத்துல, அவரப்பத்தி விரிவா எழுதியிருக்காங்களா எண்டுதான் பாக்கிறாங்க. பேர் ஒரு வரியில வந்தாப் போதாது, அவர் குடுத்த பேட்டியும் அவ்வளவா எடுபடாது, சொந்தக்காரர் அடிச்ச சிறப்பு மலரும் அப்பிடித்தான். கனடாவுல டோனா ஸ்ட்ரிக்லண்ட் எண்டு ஒரு விஞ்ஞானி, 2018 மே மாசம் அவவப் பத்தின கட்டுரைய சான்று காணாதெண்டு இங்கிலீஷ் விக்கியில ஏற்கல்ல, ஒக்டோபர்ல அவவுக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைச்சிது. அப்ப எங்கட அண்ணாவியார் எந்த மூலைக்கு.

இதுல எனக்கும் கோவம் இருக்கு, சொல்லத்தான் வேணும். பாராளுமன்ற உறுப்பினராப் போனா அநேகமா பேஜ் வந்திரும், அம்பது வருசம் கூத்துப் பழக்கின மனுசனப் பத்தி பேப்பர்காரன் வந்து எழுதினாத்தானே சான்று இருக்கும்? 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைக் கம்பஸ்ல கூத்த மேடைக்குக் கொண்டுபோனப்ப அதோட சேந்த அண்ணாவிமாரப் பத்தி ஆய்வுகள்ல எழுத்து விழுந்திச்சு, அந்தப் பக்கம் போகாத ஆக்கள் ஊர்ச்சனத்தின்ட வாயிலதான் இருக்காங்க. ஆனா ரூல இல்லாமப் பண்ணினா என்ன நடக்கும், காசு இருக்கிற ஒவ்வொரு ஆளும் தனக்கொரு பேஜ் வைப்பான், மறுகா அந்தப் பேஜுக்கு என்ன மதிப்பு. அதால ரூல் சரி, எங்கட பக்கம் எழுத்துத்தான் காணாது எண்டுதான் நான் சொல்லுவன்.

அந்த எழுத்தத் தேடிக் குடுத்திருந்தா காசு வாங்கினது நியாயம். சான்று இங்கிலீஷ்ல இருக்கணும் எண்டில்ல, இன்டர்நெட்ல இருக்கணும் எண்டும் இல்ல, பழைய பேப்பர், புத்தகம் எல்லாம் செல்லும். "நூலகம்" எண்ட வெப்சைட்ல ஈழத்துப் பழைய சஞ்சிகை, மலர் எவ்வளவோ ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கு, ஓசிதான். பிரதேச சாகித்திய விழா மலர்கள்ல கலைஞர்களப் பத்தி கட்டுரைகள் வாறது, கல்லடியில விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துல கேட்டுப் பாக்கலாம். ஒண்டும் செய்யல்ல. கலைஞர்களுக்கு அரசாங்கம் குடுக்கிற கலாபூஷணம் விருதுப் படத்த மட்டும் போட்டுட்டு இதுவே போதும் எண்டாங்க, அது வருசா வருசம் கனபேருக்குக் குடுக்கிற விருது, அத மட்டும் வச்சி பேஜ் நிக்காது.

பெரிய பகிடி இனித்தான். திருப்பி அனுப்பினாப் பிறகு "உள்ளுக்க அட்மின் ஒராள் இருக்கார், இன்னும் பத்தாயிரம் போட்டா ஓகே பண்ணுவார்" எண்டு மெசேஜ். இது பழைய விளையாட்டு, 2015ல இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுல திருப்பி அனுப்பின கட்டுரைக்காரரத் தேடிப் புடிச்சி இப்பிடியே காசு கறந்த கூட்டம் ஒண்டு புடிபட்டு 381 கணக்க ஒரேயடியா முடக்கினாங்க. காசு வாங்கி எழுதுறவன் ஆருக்காக எழுதுறன் எண்டு வெளிப்படையாச் சொல்லணும் எண்டு 2014ல இருந்து விதியும் இருக்கு. இவங்கட கணக்குல அப்பிடி ஒரு வரியும் இல்ல.

பத்தாயிரம் கட்ட நான் விடல்ல, அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரல்ல. பொடியன்மார் இப்ப பழைய மலர் தேடித் திரியிறாங்க, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆர்ட்டயும் இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. அஞ்சுக்கு ஒரு ஸ்டார், அதுவும் எத்தின தரம் ஏசினாலும் போன ஆன்ஸர் பண்ணி "ஓமண்ணே, சரியண்ணே" எண்ட அந்தத் தம்பிக்கு.