தண்டையார்பேட்டைக்காரிக்கு ஊரில் ஒரு அறை

அப்பா போன பிறகு வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டை விற்றுவிட்டோம். டொராண்டோவிலிருந்து எத்தனையோ முறை வந்திருக்கிறேன். பிறந்த ஊரில் எங்கே தங்குவது என்று யோசித்தது இந்த முறைதான். தி.நகரில் அத்தை வீடு இருக்கிறது. "ஏன்டி அவ்வளவு தூரம் போறே, இங்கேயே இரு" என்றார். ஆனால் என் பையனுக்குப் பதினைந்து வயதாகிறது. நான் வளர்ந்த தெருக்களில் அவன் காலையில் எழுந்து நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வடசென்னையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை, படுக்கத்தான் இடமில்லை. லாட்ஜ் எல்லாம் சென்ட்ரல், பெரியமேடு, எழும்பூரோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி வடக்கே தேடித் தேடி ஒன்றை ஆன்லைனில் பிடித்து, மூன்று நாளுக்குப் பணமும் கட்டினேன். விமானம் இறங்கி அங்கே போய்ச் சேர்ந்தபோது இரவு 2 மணி. கவுண்டரில் இருந்த தம்பி பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்ததுமே நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"கனடாவா மேடம்? ஃபாரின் பாஸ்போர்ட்டுக்கு நாங்க ரூம் குடுக்கிறதில்லை."

ரசீதைக் காட்டினேன். அது ஆன்லைன்காரங்க விஷயம் என்றார். தூக்கக் கலக்கத்தில் பையன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். அத்தை வீட்டுக் கதவைத் தட்டும்போது மூன்றரை மணி. கட்டிய பணம் திரும்பி வரப் பதினோரு நாள் ஆனது.

விஷயம் என்னவென்று பிறகுதான் புரிந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒருவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் 'சி ஃபார்ம்' என்று வழக்கமாகச் சொல்கிற படிவத்தை அரசுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும். அதற்கு அவர் முன்பே பதிந்து கணக்கு வைத்திருக்க வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பல அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கே போன் போட்டு, "சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் பையனை நடுராத்திரியில் தெருவில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அப்புறம் பள்ளித் தோழி ஒருத்தி வழி சொன்னாள். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குக் கல்யாணம், காதுகுத்து என்று வருகிற குடும்பங்களுக்கு நாள் கணக்கில் மாடி விடுகிற வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டில் இரண்டு அறை, தண்ணீர் தட்டுப்பாடு இல்லாத குளியலறை, துவைத்த வாசனை போகாத பெட்ஷீட். நாளுக்கு 1,800 ரூபாய். வீட்டு அம்மாவின் மகள் சி ஃபார்ம் பதிவை ஏற்கெனவே செய்து வைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் முடித்தாள். தேரடி மெட்ரோ நடக்கிற தூரம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு ஊரே கிட்ட வந்துவிட்டது. ஏர்போர்ட்டில் ஏறினால் மாறாமலே தேரடியில் இறங்கலாம், பகலில் வந்து இறங்குகிறவர்களுக்கு.

சாப்பாட்டுக்கு வருவோம். போனில் தேடினால் ஏசி போட்ட ஹோட்டல்களாகத்தான் வரிசை கட்டுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே மெனு. அதை மூடி வைத்துவிட்டு ஒரு ஆட்டோ அண்ணனிடம், "நீங்க எங்கேண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "எத்தினி மணிக்குக்கா?" என்று திருப்பிக் கேட்டார். இங்கே கடை என்பது நேரத்தோடு சேர்ந்தது. காலை ஆறரைக்கு இட்லி வடகறி விற்கிற அக்கா ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். அதே இடத்தில் சாயங்காலம் பஜ்ஜிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாயா. இதெல்லாம் எந்த மேப்பிலும் ஏறவில்லை.

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் பர்மா பஜார் பக்கம், பீச் ஸ்டேஷன் எதிரே போனோம். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது. வியாசர்பாடியில் குடியேறியவர்கள் இன்றும் போடுகிறார்கள். வண்டிக்காரர் கிண்ணத்தில் மஞ்சள் நூடுல்ஸை அள்ளிப்போட்டு, மேலே நறுக்கின கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் என்று ஒவ்வொன்றாகத் தூவி, மொறுமொறு தட்டையை உள்ளங்கையிலேயே நொறுக்கி, அஞ்சு விரலாலும் பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தை அடைத்துப் புளித்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதை ஒரே வாயில் போட வேண்டும். பையன் மூன்று முட்டை சாப்பிட்டான். "இன்னா தம்பி, காரம் ஓகேவா?" என்று கேட்டு, அவன் கேட்காமலே சூப்பை மறுபடி நிரப்பினார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மீனுக்குக் காசிமேடு. விடியும் முன்னே போய்விடுங்கள். வாங்கின மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்க அங்கேயே பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் வாங்கிய சங்கராவை மாடி வீட்டு அம்மா குழம்பு வைத்துக் கொடுத்தார். அந்த ருசியை எந்த ஹோட்டலிலும் நான் பார்த்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது பெரிய மீன் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். கோடை லீவுக்கு வருகிறவர்கள் ஜூன் கடைசிக்கு மேல் வந்தால் நல்லது.

ஒரு நாள் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பதைப் பையன் வெகுநேரம் பார்த்தான். மீனவர் வீடு ஒன்றில் சொல்லி வைத்து, நண்டுக் குழம்போடு மதியச் சாப்பாடு. ஏரியில் பொழுது சாய்வதைப் பார்க்க ராத்திரி தங்கலாம் என்றால், குடும்பத்தோடு நம்பித் தங்கும்படி ஓர் இடம் எங்களுக்கு அமையவில்லை. மனசே இல்லாமல் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தோம். அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் தங்கள் வீட்டில் ஓர் அறை ஒதுக்கினால், என்னைப் போல வருகிறவர்கள் நிச்சயம் தங்குவார்கள்.

வருகிற தைக்கு அம்மாவையும் அழைத்து வருகிறேன். திருவொற்றியூர் மாடியையே சொல்லி வைத்துவிட்டேன். லிஃப்ட் கிடையாது, 22 படி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றதும், கீழ் அறையைக் காலி பண்ணித் தருவதாக வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார்.