மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர்கள்: போலீஸ், தீயணைப்பு ஆணைய நியமனத்தில் ஐந்து அமெரிக்க வழிகள்

டெக்சாஸில் ஒரு தீயணைப்பு வீரருக்கு சஸ்பென்ஷன் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நாளுக்குள் என்றால் சம்பளம் போகும், வேலை தங்கும். 'காலவரையற்ற' என்று எழுதியிருந்தால் அங்கே அது டிஸ்மிஸ்தான், பெயர் மட்டும் மென்மை. 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்தால், விசாரணை நாளில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருப்பார்கள். அவர் வேலையும் பென்ஷனும் அந்த மூவர் கையில். அவர்களை அங்கே உட்காரவைத்தது யார்?

தமிழ்நாட்டில் காவலர், சிறைக்காவலர், தீயணைப்போர் மூவரையும் மாநிலத்துக்கே பொதுவான ஒரு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. அதில் பழகிய நமக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் புதிது. அமெரிக்காவில் போலீஸும் தீயணைப்பும் பெரும்பாலும் அந்தந்த ஊரின் சொத்து. மேயர் மாறினால் போலீஸ் தலைவர் மாறுவது, ஜெயித்த கட்சிக்காரனுக்குக் காக்கி மாட்டிவிடுவது எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் சர்வ சாதாரணம். அதைத் தடுக்கத்தான் நகர அளவிலான இந்த ஆணையங்கள் வந்தன. விஸ்கான்சினின் மில்வாக்கி நகரம் 1885லேயே ஒன்றை அமைத்துவிட்டது. தேர்வு நடத்துவது, பதவி உயர்வுப் பட்டியல் போடுவது, தண்டனை மேல்முறையீட்டைக் கேட்பது ஆகியவை இவற்றின் வழக்கமான வேலை.

அரசியல்வாதியிடமிருந்து காப்பாற்ற ஓர் ஆணையம் வேண்டும், சரி. அந்த ஆணையத்தின் உறுப்பினரை நியமிப்பதும் அரசியல்வாதிதானே? இந்த முடிச்சை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக அவிழ்க்கப் பார்த்திருக்கிறது. ஐந்து மாநிலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது: நியமன உத்தரவில் யார் கையெழுத்து போடுகிறார் என்பதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பெயர்ப் பட்டியல் யார் கையிலிருந்து வருகிறது, நாற்காலி எப்போது காலியாகிறது, இந்த இரண்டில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் டெக்சாஸ். அங்குள்ள உள்ளாட்சிச் சட்டத்தின் 143ஆம் அத்தியாயம்தான் இதற்கு வேதம். 10,000 பேருக்கு மேல் உள்ள ஊர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை ஏற்றுக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. ஏற்றுக்கொண்டால் மூன்று பேர் ஆணையம். நகரின் தலைமை நிர்வாகி நியமிப்பார், நகர மன்றம் உறுதி செய்யும். பதவிக்காலம் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு ஒரு நாற்காலி காலியாகும். தகுதி வரிசை நன்றாகவே இருக்கிறது: நன்னடத்தை, அமெரிக்கக் குடியுரிமை, ஊரில் மூன்று ஆண்டுக்கு மேல் குடியிருப்பு, 25 வயது தாண்டியிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்தப் பொதுப் பதவியும் வகித்திருக்கக் கூடாது. தேர்தலில் தோற்ற கையோடு, அல்லது பதவிக்காலம் முடிந்த கையோடு, பழைய கவுன்சிலர் ஒருவர் இங்கே வந்து உட்கார்ந்துவிட முடியாது என்பது இந்தக் கடைசி விதியின் புண்ணியம். எனக்கு மிகவும் பிடித்த விதி.

ஆனால் 'தலைமை நிர்வாகி' என்ற சொல்லில் ஒரு சிக்கல். ஹூஸ்டன் மாதிரி ஊரில் அது மேயர். ஆஸ்டின், சான் அன்டோனியோ மாதிரி ஊர்களில் நகர மன்றம் சம்பளத்துக்கு அமர்த்திய சிட்டி மேனேஜர். ஓட்டு கேட்டு வந்தவர் இல்லையே, கட்சி அரசியல் குறையும் என்று தோன்றும், குறையவும் செய்யும். ஆனால் அதே மேனேஜரின் கீழ்தான் போலீஸ் தலைவரும் தீயணைப்புத் தலைவரும் வேலை செய்கிறார்கள். அந்தத் தலைவர் கொடுத்த தண்டனை சரியா என்று விசாரிப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவரே. மாமியார் வீட்டுச் சண்டைக்கு மாமியாரே பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டு வந்த கதை. உறுப்பினர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும், எதிர்ப்பக்கம் நிற்கும் ஆளுக்கு அந்த மேஜையைப் பார்த்து நம்பிக்கை வருமா?

டெக்சாஸ் சட்டத்துக்கே இது தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு பக்கவாசல் வைத்திருக்கிறது. தண்டிக்கப்பட்டவர் ஆணையமே வேண்டாம், வெளியாள் ஒருவர் விசாரிக்கட்டும் என்று கேட்கலாம். யார் அந்த வெளியாள் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், நடுவர் அமைப்பு ஒன்றிடமிருந்து ஏழு பெயர் கொண்ட பட்டியல் வரவழைக்கிறார்கள். இவர் ஒரு பெயரை அடிப்பார், அவர் ஒரு பெயரை அடிப்பார், மாற்றி மாற்றி ஆறு பெயர் போனதும் மிஞ்சும் ஏழாவது ஆள்தான் நடுவர். கட்டணம் பாதிப்பாதி. தீர்ப்பு பெரும்பாலும் இறுதியானது. சட்டப்படி இவர் ஆணைய உறுப்பினர் இல்லை, ஆனால் இந்த அலசலில் நான் பார்த்த நியமன முறைகளிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாதது இதுதான். இரண்டு தரப்புக்கும் பிடித்தவர் வருவதில்லை, இரண்டு தரப்பும் சகித்துக்கொள்ளக்கூடியவர் வருகிறார். ஒரு குறை, இது ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி. தேர்வு விதிகளைக் காலாகாலத்துக்கும் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆணையம் எப்படியும் வேண்டும்.

இல்லினாய், வாஷிங்டன் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். இரண்டிலும் மூவர் ஆணையம். இல்லினாயில் 5,000 முதல் 2,50,000 வரை மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு மேயர் நியமிக்கிறார், மன்றம் சம்மதிக்க வேண்டும், பதவிக்காலம் மூன்று ஆண்டு. மேயரின் பதவிக்காலம் முடிய 30 நாள் இருக்கும்போது புது நியமனம் செய்யக் கூடாது என்று ஒரு விதி. போகிற போக்கில் வேண்டிய ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போகும் வேலைக்கு வைத்த பூட்டு அது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒரு நாற்காலி, சம்பளம் கிடையாது. ஆனால் போலீஸ் தலைவரையோ தீயணைப்புத் தலைவரையோ நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரே ஆணையத்தையும் நியமிப்பார் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. டெக்சாஸில் பார்த்த அதே மாமியார் கதை, இங்கே ஒளிவுமறைவு இல்லாமல்.

இரண்டு மாநிலத்திலும் இன்னொரு விதி பொது: மூவரில் இருவருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. விஸ்கான்சினிலும் இது உண்டு, அங்கே ஐவரில் மூவர்தான் உச்சவரம்பு. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்று மாநிலங்களிலுமே வாக்காளர் தன்னை இன்ன கட்சி என்று பதிவு செய்யும் வழக்கம் இல்லை! ஒருவர் எந்தக் கட்சி என்று யார் சொல்வது? இல்லினாயில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கினார் என்ற பதிவாவது இருக்கும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அவரவர் வாயால் சொன்னதுதான். தவிரவும், இருவர் ஒரு கட்சி என்றாலே மூவரில் பெரும்பான்மை கைக்கு வந்துவிடுகிறது. மூன்றாமவர் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கட்சி வரம்பை நம்பி ஒரு முறையை உயர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விஸ்கான்சினின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது, காலண்டரில். மாநிலச் சட்டம் 62.13ஆம் பிரிவின்படி (மில்வாக்கிக்கு மட்டும் தனிப் பிரிவு) ஐந்து பேர், ஐந்து ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலின் கடைசித் திங்களுக்கும் மே மாதத்தின் முதல் திங்களுக்கும் நடுவே மேயர் ஒருவரை எழுத்துமூலம் நியமித்து, அந்தத் தாளை ஆணையச் செயலரிடம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வாரம், ஒரே ஓர் ஆள். ஏப்ரல் முதல் வாரத்தில் தேர்தல் நடந்து, மூன்றாவது செவ்வாயன்று பதவியேற்கும் புது மேயருக்கு நாற்காலி சூடேறுவதற்குள் இந்த நியமனம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். இடையில் யாரும் விலகவில்லை என்றால் பெரும்பான்மை கையில் வர மூன்றாவது வசந்தம் ஆகும். இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் உள்ள ஊரில், மறுபடி ஜெயிக்காத மேயருக்கு அது கடைசிவரை கிடைக்காது. டெக்சாஸ், இல்லினாய் மூவர் ஆணையத்தில் இரண்டாம் நியமனத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. நல்ல மேயரா கெட்ட மேயரா என்று சட்டம் கேட்கவில்லை, மெதுவாகப் போ என்கிறது.

அந்த மெதுவுக்கும் விலை உண்டு. விஸ்கான்சினில் போலீஸ் தலைவரையும் தீயணைப்புத் தலைவரையும் நியமிப்பதே இந்த ஆணையம்தான், மேயர் இல்லை. மில்வாக்கியில் ஹரால்ட் பிரையர் 1964 முதல் 1984 வரை போலீஸ் தலைவராக இருந்தார். மேயர் நினைத்தால் அவரை அசைக்க முடியாது. அரசியலிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று கட்டிய மதில், மக்கள் குரலும் உள்ளே கேட்காத உயரத்துக்குப் போய்விட்டது. 2020 ஆகஸ்டில் எதிர்த் திசையில் ஒரு சம்பவம்: அதே மில்வாக்கி ஆணையம் அப்போதைய போலீஸ் தலைவரை கேப்டனாகப் பதவி இறக்கியது. உரிய முறையில் விசாரிக்கவில்லை என்று அந்த டிசம்பரிலேயே நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2023இல் மாநிலச் சட்டமன்றம் உள்ளே புகுந்தது. நிதி நெருக்கடியில் இருந்த மில்வாக்கிக்கு 2% நகர விற்பனை வரி போட அனுமதி கொடுத்த அதே சட்டத்தில், ஆணையத்திடமிருந்த கொள்கை வகுக்கும் அதிகாரத்தைப் பிடுங்கித் தலைவர்களிடம் கொடுத்தது. நகர மன்றம் அதில் கைவைக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கூடவே, உறுப்பினர்களில் ஒருவர் போலீஸ் சங்கம் தரும் பட்டியலிலிருந்தும் ஒருவர் தீயணைப்புச் சங்கம் தரும் பட்டியலிலிருந்தும் வர வேண்டும் என்றது. கையெழுத்து இன்னும் மேயருடையதுதான். பட்டியல்தான் கை மாறிவிட்டது.

பட்டியல் என்று வந்துவிட்டால் லூசியானாவைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே இந்த ஏற்பாடு மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 13,000 பேருக்கு மேல் உள்ள, சம்பளம் வாங்கும் போலீஸும் தீயணைப்பும் கொண்ட நகராட்சிகளுக்குப் பொதுவான அமைப்பு ஐவர் வாரியம். ஐவரையும் நியமிப்பது நகர ஆட்சிமன்றம்தான். ஆனால் அது தானாகப் பெயர் சொல்லக்கூடியது ஒரே ஓர் இடத்துக்கு. இரண்டு இடங்களுக்கு, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் தலைவர் நான்கு பெயர் எழுதி அனுப்புவார், அதிலிருந்து இருவரை எடுக்க வேண்டும். மிச்சம் இரண்டு இடம் ஊழியர்களுக்கு: தீயணைப்பிலிருந்து ஒருவர், போலீஸிலிருந்து ஒருவர்.

அந்த ஊழியர் தேர்தல் நடக்கும் விதம் சுவாரசியம். துறைத் தலைவர் ஒவ்வொரு நிலையத்தின் நோட்டீஸ் போர்டிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும், 15 நாள் தொடர்ந்து அது அங்கே இருக்க வேண்டும். வண்டி துடைக்கிறவர், ஷிஃப்ட் மாறி வருகிறவர் எல்லாரும் கடந்துபோகும் போர்டு. பிறகு ரகசிய வாக்கெடுப்பு. துறைத் தலைவருக்கு ஓட்டு கிடையாது, சமநிலை வந்தால் மட்டும் உண்டு. ஜெயித்தவரை ஆட்சிமன்றம் நியமித்துத்தான் ஆக வேண்டும். மில்வாக்கியில் சங்க நிர்வாகம் தரும் பட்டியலிலிருந்து மேயர் பொறுக்குவதற்கும் இதற்கும் நிறைய தூரம். இங்கே சங்கத்தோடு ஒட்டாத ஆளும் சக ஊழியர்களின் ஓட்டில் வந்துவிடலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள். நிர்வாகத்துக்கு ஒன்று, ஊழியர்களுக்கு இரண்டு, கல்லூரிக்கு இரண்டு. எந்தத் தரப்புக்கும் மூன்று கிடையாது. ஊழியர் இருவரும் சேர்ந்து நின்றாலும் கல்லூரி வழி வந்த ஒருவரையாவது சம்மதிக்கவைத்தால்தான் வேலை நடக்கும். நிர்வாகத்தின் ஆளுக்கு அந்த இருவருமே வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் மேல் நடவடிக்கை என்றால், விசாரிக்கும் மேஜையில் அவரோடு ஒரே ரோந்து வண்டியில் போனவர் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆள் நண்பரா, அடுத்த பதவி உயர்வுக்குப் போட்டியாளரா என்பது அவரவர் ஜாதகம். பொதுமக்கள் புகாரில் வந்த வழக்கென்றால் புகார் கொடுத்தவருக்கு இந்தக் காட்சி இனிக்காது. கல்லூரித் தலைவர் ஊர் நிலவரம் தெரியாதவராக இருந்தால் கையில் கிடைத்த நான்கு பேரை எழுதி அனுப்பிவிடுவார். பெயர்களைக் கேட்டு நகராட்சி கடிதம் போட வேண்டும், அங்கிருந்து பதில் வர வேண்டும். எந்தப் பக்கம் தூங்கினாலும் நாற்காலி காலியாகவே கிடக்கும்.

இருந்தும், எனக்கு ஓட்டு இருந்தால் லூசியானாவின் பட்டியலையும் விஸ்கான்சினின் காலண்டரையும்தான் சேர்த்துக் கேட்பேன். டெக்சாஸின் 'மூன்று ஆண்டு பொதுப் பதவி கூடாது' விதியையும் ஒட்டிக்கொள்வேன். ஊழியர் பிரதிநிதி தன் துறைக்காரர் வழக்கில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் சேர்ப்பேன், அப்போது ஓட்டுக் கணக்கு மாறும் என்று தெரிந்தேதான். தண்டனை பெற்ற ஊழியராக இருந்தால் என் பதில் வேறு: ஏழு பெயரை அடிக்கும் டெக்சாஸ் பக்கவாசல், பாதிக் கட்டணம் போனாலும் பரவாயில்லை.

கல்லூரியை நம்புவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. லூசியானாவிலேயே நியூ ஆர்லியன்ஸ் நகரம் மேலே சொன்ன வாரிய முறைக்குள் வராது. அங்கே போலீஸ், தீயணைப்பு உட்பட நகர ஊழியர் அனைவருக்கும் பொதுவாக ஒரே ஆணையம். 1974 சாசனத்தில் அதற்குப் பெயர் தர வேண்டிய ஐந்து நிறுவனங்களைப் பெயர் சொல்லியே எழுதிவைத்தார்கள்: டில்லார்ட், லயோலா, செயின்ட் மேரிஸ் டொமினிக்கன், டுலேன், சேவியர். ஒவ்வொரு தலைவரும் மூன்று பெயர் தருவார், நகர மன்றம் அதில் ஒருவரை எடுக்கும். அந்த ஐந்தில் செயின்ட் மேரிஸ் டொமினிக்கன் கல்லூரி 1984இல் இழுத்து மூடப்பட்டது.