பெரம்பூரில் உட்கார்ந்து பெர்லின் கச்சேரி: டிஜிட்டல் கான்சர்ட் ஹால் சந்தா வாங்கலாமா?

2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு தன் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, முழு ஆர்கெஸ்ட்ராவை முறையாக எங்கே கேட்கலாம் என்று விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வடசென்னையில் இருந்துகொண்டு ஒரு முழு சீசனைத் தொடர்ந்து கேட்க வேண்டுமென்றால், பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா குழுவே இணையத்தில் நடத்தும் டிஜிட்டல் கான்சர்ட் ஹால்தான் இன்றைக்கு நல்ல வழி. ஆனால் சந்தா கட்டிவிட்டால் மட்டும் போதாது. வீட்டில் சில வேலைகளைச் செய்யாவிட்டால் கட்டிய பணத்தில் பாதி மின்விசிறிக் காற்றோடு போய்விடும்.

2009 ஜனவரியில் நேரலையைத் தொடங்கிய சேவை இது. ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து ஜூன் வரை நீளும் ஒவ்வொரு சீசனிலும் சுமார் 40 கச்சேரிகள் நேரலையாக வருகின்றன. ஒவ்வொன்றும் சில நாட்களில் சேமிப்பகத்துக்குப் போய்விடும். முன்பு இந்தக் குழுவை வழிநடத்திய கராயான் காலத்துப் படங்கள், அவருக்குப் பின் வந்த அபாடோ, ராட்டில், 2019 முதல் தலைமை நடத்துநராக (கண்டக்டர்) இருக்கும் கிரில் பெட்ரென்கோ என எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். டிவி, போன், கணினி எதிலும் பார்க்கலாம்.

முதலில் நேரக் கணக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாம் பெர்லினைவிட 4½ மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் 3½ மணி நேரம். அங்கே இரவு 8 மணிக்குத் தொடங்கும் கச்சேரி நமக்குக் குளிர்காலத்தில் 12.30, கோடையில் 11.30. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நேரலையைத் துரத்த வேண்டாம். நாலைந்து நாள் பொறுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேமிப்பகத்தில் கேட்டால் ஒன்றும் குறையாது. விதிவிலக்கு மே 1. குழு 1882ல் பிறந்த நாள் அது. ஆண்டுதோறும் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு ஊரில் அன்றைக்குக் கச்சேரி நடத்துகிறார்கள். வழக்கமாகக் காலை 11 மணிவாக்கில் தொடங்குவதால் நமக்குப் பிற்பகல் 2.30. இங்கே மே தின விடுமுறை வேறு.

இனி முக்கியமான விஷயம்: சத்தம். சினிமாப் பாட்டு, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காதில் விழும்படி மிக்ஸ் செய்யப்படுவது. சிம்பொனி அப்படியில்லை. ஒரு கிளாரினெட் மூச்சு விடுவது போல வாசிப்பதற்கும், 100 பேர் சேர்ந்து அடிப்பதற்கும் இடையிலான தூரம்தான் அந்த இசையின் உயிர். அந்தத் தூரத்தை அப்படியே கொண்டுவந்து தருவதுதான் இந்தச் சேவையின் பெருமை. நம் வீட்டில் 5ல் சுற்றும் மின்விசிறி, பேப்பர் மில்ஸ் சாலை ஆட்டோ ஹாரன், எண்ணூர் நெடுஞ்சாலைக் கன்டெய்னர் லாரி எல்லாம் சேர்ந்து அந்த மெல்லிய பாதியை மூடிவிடுகின்றன. கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டுவோம். அடுத்த நிமிடம் பித்தளை வாத்தியங்கள் நுழைந்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தை அழும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பீத்தோவன் 9ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். கொயர் (பாடகர் குழு) முழுதாகப் பாடும் உச்ச இடத்துக்கு நேராகப் போய், அது தாங்கக்கூடிய அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு பின்னால் வந்து, தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் அந்தப் புகழ்பெற்ற மெட்டைத் தாழ்ந்த குரலில் தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். வால்யூமைத் தொடாமல் ஒவ்வொரு சுரமும் காதில் விழுந்தால் உங்கள் அறை தயார். விழாவிட்டால் அறையைச் சரி செய்யுங்கள்; வால்யூமை அல்ல. சாலைப் பக்க ஜன்னலைச் சாத்தி, ஒன்றரை மணி நேரம் விசிறியை நிறுத்தினால் பாதி பிரச்சினை தீர்ந்தது. டிசம்பர், ஜனவரியில் இது கஷ்டமே இல்லை. அந்த மாதங்களில் நேரலை நள்ளிரவுக்கு நகர்ந்தாலும், தெரு அடங்கிய பின் விசிறியில்லாமல் கேட்கும் சுகம் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. ஏப்ரல், மே மாதங்களில் காதை முழுக்க மூடும் ஹெட்போன்தான் கதி.

டிவியில் ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். சின்ன சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தைச் சின்னதாக்கி, சிம்பொனியை சீரியல் பின்னணி இசை மாதிரி ஆக்கிவிடுவது அதுதான். சத்தம் சப்பென்று இருப்பதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

அடுத்து, டிவியின் சொந்த ஸ்பீக்கர். டபுள் பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. பிராம்ஸ் 1ஆம் சிம்பொனியின் ஆரம்பத்தைப் போட்டுப் பாருங்கள். மேலே வயலின்கள் ஏறிக்கொண்டே போக, கீழே டிம்பனி முரசும் டபுள் பேஸும் கான்ட்ரா பஸூன் என்ற தாழ்ந்த சுர ஊதுகருவியும் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்கும். வயலின் மட்டும் கேட்டால், அந்தப் படைப்பின் அஸ்திவாரமே உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். நேர்மாறான கோளாறும் உண்டு. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் குத்துப்பாட்டுக்காக சப்வூஃபரை ஏற்றி வைத்திருப்பார்கள். டிம்பனி ஒவ்வொரு அடியும் ‘தொம்’ என்று ஒன்றோடொன்று குழைந்துவிடும். சப்வூஃபரைப் பாதிக்குக் குறைத்து, சுவர் மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.

போனில் கேட்பவர்கள் ப்ளூடூத்தைத் தவிர்ப்பது நல்லது. இந்தச் சேவை தரம் குறையாத ஒலியை அனுப்புகிறது; சாதாரண ப்ளூடூத் அதை மறுபடி சுருக்குகிறது. மெல்லிய வயலின் கூட்டோசையில்தான் அது முதலில் தெரியும். போனில் இயர்போன் ஓட்டை இல்லையென்றால், டைப்-சியில் செருகும் சின்ன கன்வெர்ட்டர் போதும். பர்மா பஜாரில் வாங்குவதாக இருந்தால் உங்கள் போனிலேயே செருகிக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். சில மலிவுக் கன்வெர்ட்டர்கள் எல்லா போனிலும் வேலை செய்யாது.

நெட் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். படம் நொடிக்கு 8 மெகாபிட் என்று ஓடினால், 2 மணி நேரக் கச்சேரிக்கு 7 ஜிபி ஆகும். தினம் 1.5 ஜிபி மொபைல் திட்டம் முதல் சிம்பொனியிலேயே தீர்ந்துவிடும். ஃபைபர் இணைப்பு வேண்டும். கரண்ட் போனால் டிவி போவதைவிட ரூட்டர் போவதுதான் தொல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ரூட்டரோடு இணைத்துவிட்டால் போனிலாவது மிச்சத்தைக் கேட்கலாம்.

பணம் கட்டுவது யூரோவில். 7 நாள் டிக்கெட், மாதச் சந்தா, 12 மாதச் சந்தா என்று இருக்கிறது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முன்கூட்டியே திறந்து வையுங்கள். ‘பேமென்ட் ஃபெயில்டு’ வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். யூரோ விலைக்கு மேல் வங்கியின் மாற்றுக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் சேரும். எங்கள் யோசனை: முதலில் 7 நாள் டிக்கெட். அந்த ஒரு வாரத்தில் மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் தேறினால் மட்டும் பெரிய சந்தா.

அந்த 7 நாளில் என்ன கேட்பது? சர்ச் கொயரில் பாடுகிறவர்கள் 2010ல் பதிவான, பாக் இசையமைத்த ‘மத்தேயு பாடுகள்’ என்ற படைப்பில் தொடங்குங்கள். சைமன் ராட்டில் நடத்த, இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் அதை நாடகம் போல அமைத்திருக்கிறார். பாடுபவர்கள் கையில் நோட்டு இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவார்கள். இரண்டு கொயர், இரண்டு ஆர்கெஸ்ட்ரா, ஏறக்குறைய 3 மணி நேரம். ராயபுரத்திலும் வேப்பேரியிலும் தவக்காலத்துக்குப் பயிற்சி எடுக்கும் குழுக்கள் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்களைக் கேட்டால், இந்த ஒரு பதிவுக்காகவே டிக்கெட் வாங்கலாம். தமிழில் வரிகள் ஓடாது. பக்கத்தில் மத்தேயு 26, 27ஆம் அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டால் கதை ஓரிடத்திலும் தவறாது.

ராஜா பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு த்வோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனி சுலபமான வாசல். இரண்டாம் பகுதியில் இங்கிலிஷ் ஹார்ன் என்ற ஊதுகருவி எடுக்கும் மெட்டு ஒரே தடவையில் மனதில் ஒட்டிக்கொள்ளும். கடைசிப் பகுதியில் சிம்பல் ஒரே ஒரு முறை, அதுவும் மெதுவாக, ஒலிக்கும். அதைப் பிடித்துவிட்டால் உங்கள் அறை, ஹெட்போன், காது மூன்றுமே சரியாக இருக்கின்றன.

படப்பிடிப்பு பாடம் நடத்துவது போல இருக்கும். 1963ல் திறந்த பெர்லின் பில்ஹார்மோனி அரங்கில் ரசிகர்கள் மேடையைச் சுற்றி நாலு பக்கமும் அமர்கிறார்கள். அதனால் கேமரா நடத்துநரின் முகத்தை நேராகக் காட்டுகிறது. பெட்ரென்கோவின் இடது கையைக் கவனியுங்கள். தாளம் வலது கையில். எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும், எவ்வளவு அடங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இடது கை சொல்லும். கொயர் நடத்துகிறவர்களுக்கு இது காசு கொடுத்தும் கிடைக்காத வகுப்பு. ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டல் இல்லையே என்று குழம்ப வேண்டாம். நாலு பகுதியும் சேர்ந்து ஒரே உருப்படி, கைதட்டல் கடைசியில்தான்.

கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் கீபோர்டுகளில் சுருதிக்கு அளவுகோலான ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸில் வருகிறது. பெர்லின் குழு 443ஐ ஒட்டிச் சுருதி சேர்க்கிறது. சுமார் 12 சென்ட் வித்தியாசம் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). இது தெரியாமல் வாசித்தால், எந்தக் கட்டையை அழுத்தினாலும் லேசாகப் பிசிறும். காது சரியில்லையோ என்று பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். ஃபங்ஷன் மெனுவில் ‘ட்யூனிங்’ என்ற இடத்தில் 443 என்று மாற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் சர்ச்சில் வாசிக்கப் போகும் முன் 440க்குத் திருப்பிவிட மறக்காதீர்கள்.